பழைய சுழல் துப்பாக்கிகளில் விழுகைப் பாதுகாப்பு

விழுகைப் பாதுகாப்பு என்பது, தோட்டா நிரப்பப்பட்ட துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தாலும், அதன்மீது வேறு பொருள் மோதினாலும், விசை அழுத்தப்படாதவரை அது வெடிக்காமல் இருக்கும் தன்மையாகும். ரிவால்வர் என்று பரவலாக அறியப்படும் சுழல் துப்பாக்கிகளுள் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட பலவற்றுக்கு இத்தன்மை முழுமையாக இருக்கவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விழுந்தாலே அவற்றுள் சில வெடித்துவிடும். இக்குறையைப் போக்கச் சுத்தியல் வெட்டுகள், பின்னொதுங்கும் சுத்தியல், சுத்தியல் தடுப்பு, கடத்துப் பட்டை ஆகிய அமைப்புகள் படிப்படியாக உருவாக்கப்பட்டன. இவற்றின் வரலாறு பெரும்பாலும் விபத்துகளின் வரலாறாகவே அமைந்துள்ளது.

பழைய சுழல் துப்பாக்கிகள் இன்றும் சேகரிப்பாளர்களிடமும், உரிமம் பெற்ற குடும்பங்களிலும், விளையாட்டுச் சுடுதலிலும் புழக்கத்தில் உள்ளன. அவற்றை ஒத்த நகல்களும் தயாரிக்கப்படுகின்றன. எனவே இப்பொருள் வரலாற்று ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று.

அடிப்படை உறுப்புகள்

சுழல் துப்பாக்கியின் நடுவில், தோட்டாக்களை வைப்பதற்கான அறைகள் கொண்ட உருளை ஒன்று உள்ளது. பெரும்பாலான துப்பாக்கிகளில் ஆறு அறைகளும், சிலவற்றில் ஐந்து அல்லது ஏழு அறைகளும் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை ஓர் அறை அளவுக்குச் சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவருகிறது. இவ்விளக்கத்துக்குத் தேவையான ஏனைய உறுப்புகள் வருமாறு:

- சுத்தியல்: வில்லின் விசையால் முன்னோக்கிப் பாய்ந்து அடிக்கும் உறுப்பு. துப்பாக்கியின் குதிரை என்றும் தமிழில் வழங்குவதுண்டு. இதன் பின்புறத்தில் கட்டைவிரலால் இழுப்பதற்கு ஏற்ற கொம்பு போன்ற நீட்சி இருக்கும்.
- அடியூசி: தோட்டாவின் அடிப்பகுதியைக் குத்தும் கூர்முனை. பழைய துப்பாக்கிகளில் இது சுத்தியலிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பிற்காலத்தியவை பலவற்றில் சட்டகத்தினுள் தனியாக இருக்கும்.
- எரியூட்டி: தோட்டாவின் அடியில் உள்ள சிறு கிண்ணம். அடிபட்டவுடன் தீப்பற்றும் வேதிப்பொருள் இதில் உள்ளது. சிறுவர்கள் தீபாவளிக்கு வெடிக்கும் பொட்டுவெடியும் இவ்வாறே அடிபட்டு வெடிக்கிறது.
- விசை: விரலால் அழுத்தப்படும் உறுப்பு. இதன் மேல்நுனி சுத்தியலில் உள்ள வெட்டு ஒன்றில் மாட்டிக்கொண்டு சுத்தியலைத் தடுத்து நிறுத்தும்.
- முதன்மை வில்: சுத்தியலை முன்னோக்கித் தள்ளும் வில்.

ஒற்றைச் செயல் துப்பாக்கிகளில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திய பின்னரே விசையை அழுத்திச் சுட முடியும். இரட்டைச் செயல் துப்பாக்கிகளில் விசையை அழுத்துவதே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி விடுவிக்கவும் செய்கிறது. பெரும்பாலான சுழல் துப்பாக்கிகளில், தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் உள்ளதுபோன்ற, விரலால் நகர்த்தும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. ஆகவே அவற்றின் பாதுகாப்பு முழுவதும் உள்ளமைப்பையே சார்ந்துள்ளது.

விழும்போது வெடிப்பதற்கான காரணங்கள்

ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 4.4 மீட்டராகவும், இயக்க ஆற்றல் சுமார் 10 சூலாகவும் இருக்கும். எரியூட்டி ஒன்றைப் பற்றவைக்க இதில் ஒரு சிறு பகுதியே போதும். எனவே விழுகையின் ஆற்றல் எரியூட்டியைச் சென்றடைய வழி உள்ளதா என்பதே கேள்வியாகும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

1. சுத்தியல் மீது அடி. சுத்தியல் முன்னோக்கித் தாழ்ந்த நிலையில் அடியூசியின் முனை எரியூட்டியைத் தொட்டுக்கொண்டோ மிக அருகிலோ இருந்தால், சுத்தியலின் கொம்பு தரையில் மோதும்போது அந்த அடி நேராக எரியூட்டிக்குச் செல்கிறது. உளியை மரத்தில் ஊன்றி அதன் தலையில் கொட்டாப்புளியால் அடிப்பதற்கு இது ஒப்பாகும். பழைய சுழல் துப்பாக்கிகளில் மிகுதியாக நேர்ந்தது இவ்வகை விபத்தே. கைப்பிடி வளைந்திருப்பதால், பின்புறமாக விழும் துப்பாக்கியில் கொம்பு தரையில் படும் வாய்ப்பு அதிகம்.

2. வெட்டிலிருந்து நழுவுதல். சுத்தியல் முழுமையாக ஏற்றப்பட்ட நிலையில் துப்பாக்கி விழுந்தால், அதிர்ச்சியால் விசையின் நுனி வெட்டிலிருந்து நழுவியோ உடைந்தோ சுத்தியல் பாயக்கூடும்.

3. நிலைமம். குழல்முனை கீழாக விழும்போது சட்டகம் சட்டென நின்றுவிட, தனியாக உள்ள அடியூசி மட்டும் முன்னோக்கித் தொடர்ந்து நகர்ந்து எரியூட்டியைத் தாக்கலாம். அடியூசியைப் பின்னுக்குத் தள்ளும் சிறு வில் இதைத் தடுக்கிறது.

விழும் துப்பாக்கியின் குழல் எந்தத் திசையை நோக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுத்தியலின் கொம்பு தரையில் படும் நிலையிலோ குழல் பெரும்பாலும் மேல்நோக்கியே, அதாவது துப்பாக்கியைத் தவறவிட்டவரை நோக்கியே இருக்கும். இத்தகைய விபத்துகள் உயிருக்கு ஆபத்தானவையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

வெடிமூடிக் காலம்

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836 பிப்ரவரி 25 அன்று தமது சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் உலோகத் தோட்டாக்கள் வழக்கில் இல்லை. உருளையின் ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தும் ஈயக் குண்டும் முன்புறமாக இடப்பட்டு, பின்புறத்தில் உள்ள முலைக்காம்பு போன்ற குழாயின்மீது செம்பாலான வெடிமூடி செருகப்படும். சுத்தியல் அந்த வெடிமூடியை அடிக்கும்போது மருந்து பற்றிக்கொள்ளும்.

சுத்தியலை வெடிமூடியின்மீது படிய வைத்துத் துப்பாக்கியை எடுத்துச் செல்வது ஆபத்தானது என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. கோல்ட் நிறுவனத்தின் 1851-ஆம் ஆண்டு 'நேவி' துப்பாக்கியில் உருளையின் பின்பரப்பில் அறைகளுக்கு இடையே சிறு ஊசிமுளைகள் வைக்கப்பட்டன. சுத்தியலின் முகத்தில் உள்ள பள்ளம் இம்முளை ஒன்றின்மீது அமரும். அதனால் சுத்தியல் எந்த வெடிமூடியையும் தொடாது. ஆனால் இம்முளைகள் மிகச் சிறியவையாதலால் நாட்பட்ட பயன்பாட்டில் தேய்ந்தும் நசுங்கியும் போயின. ரெமிங்டன் நிறுவனத்தின் 'நியூ மாடல் ஆர்மி' துப்பாக்கியில் முளைகளுக்குப் பதிலாக உருளையிலேயே அறைகளுக்கு இடையே ஆழமான வெட்டுகள் செதுக்கப்பட்டன. சுத்தியலின் முனை அவற்றினுள் இறங்கி நிற்கும். தேய்ந்து அழியும் சிறு உறுப்பு எதுவும் இல்லாததால் இது உறுதிமிக்க ஏற்பாடாகக் கருதப்படுகிறது. ஆறு அறைகளையும் நிரப்பி எடுத்துச் செல்லவும் இது உதவியது.

கோல்ட் 1873

உலோகத் தோட்டா வந்த பின்னர் நிலைமை ஒரு வகையில் பின்னடைந்தது. தோட்டாக்களின் விளிம்புகள் உருளையின் பின்பரப்பை நிரப்பிவிட்டதால் முன்பிருந்த முளைகளுக்கும் வெட்டுகளுக்கும் இடம் இல்லாமற் போயிற்று. 1873-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட 'கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி' இக்காலத்தின் மிகவும் புகழ்பெற்ற துப்பாக்கியாகும். இது 1873 முதல் 1941 வரையும், பின்னர் 1956 முதலும் தயாரிக்கப்பட்டது. மேற்கத்தியத் திரைப்படங்களில் மாட்டிடையரும் சட்டக் காவலரும் இடையில் செருகியிருப்பது பெரும்பாலும் இதுவே.

இதன் அடியூசி சுத்தியலிலேயே பொருத்தப்பட்டுள்ளது. சுத்தியல் முழுவதும் தாழ்ந்திருக்கும்போது அடியூசி சட்டகத் துளை வழியே நீண்டு, நேராக உள்ள தோட்டாவின் எரியூட்டியைத் தொட்டு நிற்கும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது நான்கு 'கிளிக்' ஒலிகள் கேட்கும். முதலாவது பாதுகாப்பு வெட்டு. இரண்டாவது, தோட்டா நிரப்புவதற்காக உருளையைச் சுழலவிடும் அரை ஏற்றம். மூன்றாவது, உருளைப் பூட்டு விடுபடும் ஒலி. நான்காவது முழு ஏற்றம்.

முதல் வெட்டுக்குப் பாதுகாப்பு வெட்டு என்ற பெயர் இருப்பினும், அது அப்பெயருக்கு ஏற்ற வலிமை உடையதன்று. அந்நிலையில் அடியூசி எரியூட்டியை விட்டுச் சற்றே விலகியிருக்கும். ஆனால் சுத்தியலைத் தடுத்து நிற்பது விசையின் மெல்லிய மேல்நுனி மட்டுமே. கொம்பின்மீது பலமான அடி விழுந்தால் அந்நுனியோ, சுத்தியலில் உள்ள வெட்டின் உதடோ உடைந்து துப்பாக்கி வெடித்துவிடும். அரை ஏற்ற நிலைக்கும் இது பொருந்தும்.

விச்சிட்டா நிகழ்வு

பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற சட்டக் காவலர் வயட் எர்ப், கன்சாசு மாநிலத்தின் விச்சிட்டா நகரில் காவல் பணியில் இருந்தபோது இத்தகைய விபத்து ஒன்றில் உயிர் தப்பினார். 1876 ஜனவரி 9 இரவு மதுக்கூடம் ஒன்றில் அவர் அமர்ந்திருந்தபோது, உறையிலிருந்து நழுவிய அவரது சுழல் துப்பாக்கியின் சுத்தியல் நாற்காலியில் மோதியது. துப்பாக்கி வெடித்து, குண்டு அவரது மேலங்கியைத் துளைத்துச் சுவரில் பட்டுக் கூரை வழியே வெளியேறியது. உள்ளூர்ச் செய்தித்தாள் இதனைப் பதிவு செய்தது. துப்பாக்கியில் பழக்கம் மிக்கவருக்கே இது நேர்ந்தது என்பதால், பயிற்சியோ கவனமோ அமைப்பின் குறையை ஈடுசெய்துவிடாது என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஐந்து தோட்டா வழக்கம்

மேற்கூறிய குறைக்குப் பயனாளர்கள் கண்ட தீர்வு எளியது. ஆறு அறைகளுள் ஐந்தில் மட்டும் தோட்டா இட்டு, வெற்று அறையின்மீது சுத்தியலைத் தாழ்த்தி வைப்பதே அது. துப்பாக்கி எப்படி விழுந்தாலும் அடியூசியின் எதிரே எரியூட்டி இல்லை. 1931-இல் ஸ்டூவர்ட் லேக் எழுதி வெளிவந்த வயட் எர்ப்பின் வாழ்க்கை வரலாறும் இவ்வழக்கத்தை அவர் வலியுறுத்தியதாகக் குறிப்பிடுகிறது.

இதற்கான வரிசைமுறை இவ்வாறு கற்பிக்கப்படுகிறது: ஓர் அறையில் தோட்டா இடுக, அடுத்த அறையை விடுக, தொடர்ந்து நான்கு அறைகளில் இடுக, பின்னர் சுத்தியலை முழுமையாக ஏற்றி, மெல்லத் தாழ்த்துக. இம்முறையில் வெற்று அறையே சுத்தியலுக்கு நேராக வந்து நிற்கும். கண்ணால் பார்த்து அதனை உறுதி செய்துகொள்வதும் முறையின் ஒரு பகுதியாகும்.

அடியூசியை இரு தோட்டாக்களின் விளிம்புகளுக்கு இடையே இறக்கி வைத்து ஆறு தோட்டாக்களுடன் செல்வோரும் இருந்தனர். அந்நிலையில் உருளையை அதன் பூட்டு பிடித்திருக்காது. அடியூசியின் முனை மட்டுமே பிடித்திருக்கும். அதிர்ச்சியால் உருளை சிறிது சுழன்றாலும் அடியூசி எரியூட்டியின்மீது வந்துவிடக்கூடும். எனவே இது நம்பத்தக்க முறையன்று.

பின்னொதுங்கும் சுத்தியல்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரட்டைச் செயல் துப்பாக்கிகள் பெருகின. இவற்றுள் பலவற்றில், சுட்டபின் விசையிலிருந்து விரலை எடுத்தவுடன் சுத்தியல் தானாகவே சிறிது பின்வாங்கி நிற்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இதனால் அடியூசி எப்போதும் எரியூட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பது தவிர்க்கப்பட்டது. வெற்று அறை விட வேண்டிய தேவையும் பெரிதும் குறைந்தது.

எனினும் இதுவும் முழுமையான தீர்வன்று. பின்வாங்கிய சுத்தியலைத் தாங்கி நிற்பது உள்ளே உள்ள ஒரு சிறு நகர்கட்டையும் சுத்தியலின் அடிவிளிம்புமே ஆகும். கொம்பின்மீது கடும் அடி விழும்போது இவ்வுறுப்புகளோ, சுத்தியல் சுழலும் அச்சாணியோ உடைந்தால் சுத்தியல் முன்னேறிவிடும். ஆகவே, உறுப்பு ஒன்று உடைந்தாலும் சுத்தியலை நிறுத்தக்கூடிய இரண்டாவது தடை தேவை எனப் பொறியாளர்கள் உணர்ந்தனர்.

சிமித் அண்ட் வெசன் நிறுவனம் 1887-இல் வெளியிட்ட 'சேஃப்டி ஆமர்லெஸ்' துப்பாக்கி வேறொரு வழியைக் கையாண்டது. அதன் சுத்தியல் முழுவதும் சட்டகத்தினுள் மறைந்திருந்ததால் தரையில் மோதுவதற்குக் கொம்பே இல்லை. கைப்பிடியின் பின்புறத்தில் உள்ள தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் மட்டுமே அது சுடும்.

கடத்துப் பட்டை

அமெரிக்காவின் மாசச்சூசெட்சைச் சேர்ந்த ஐவர் ஜான்சன் நிறுவனம் 1890-களில் விற்பனைக்குக் கொண்டுவந்த மலிவான சுழல் துப்பாக்கிகளில் புதிய கருத்து ஒன்று செயல்படுத்தப்பட்டது. இவற்றில் அடியூசி சுத்தியலில் இல்லை, சட்டகத்தினுள் இருந்தது. சுத்தியல் தாழ்ந்த நிலையில் அதன் மேற்பகுதி சட்டகத்தின்மீது அமர்ந்துவிடும்; அடியூசியை அது எட்டாது. விசை முழுமையாக அழுத்தப்படும்போது மட்டும் சிறு எஃகுப் பட்டை ஒன்று மேலெழுந்து சுத்தியலுக்கும் அடியூசிக்கும் இடையே நிற்கும். சுத்தியலின் அடி அப்பட்டை வழியாக அடியூசிக்குக் கடத்தப்படும். விரலை எடுத்தால் பட்டை கீழே இறங்கிவிடும்.

நிறைத்து வைத்த இத்துப்பாக்கியின் சுத்தியலை உண்மையான சுத்தியலாலேயே அடிக்கலாம் என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. அவ்விளம்பரப் படம் அக்கால அமெரிக்க இதழ்களில் நன்கு அறியப்பட்டதாகும். விலையுயர்ந்த துப்பாக்கிகளுக்கு முன்னரே மலிவுத் துப்பாக்கி ஒன்றில் சிறந்த விழுகைப் பாதுகாப்பு இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லியை 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரில் சுட்டவன் பயன்படுத்தியதும் இந்நிறுவனத்தின் .32 அளவுத் துப்பாக்கியே. இவ்வமைப்பு தற்செயலான வெடிப்பைத் தடுக்குமேயன்றி, வேண்டுமென்றே சுடுவதைத் தடுக்காது.

சுத்தியல் தடுப்பு

கடத்துப் பட்டைக்கு எதிர்மறையான கருத்தைக் கொண்டது சுத்தியல் தடுப்பு. இதில் ஓய்வு நிலையில் சுத்தியலுக்கும் சட்டகத்துக்கும் இடையே எஃகுத் துண்டு ஒன்று குறுக்கே நிற்கும். விசை அழுத்தப்படும்போது அத்துண்டு விலகி வழிவிடும்.

கோல்ட் நிறுவனம் இவ்வமைப்பை 'பாசிட்டிவ்' பூட்டு என்ற பெயரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தியது. 1907-இல் வெளிவந்த 'போலீஸ் பாசிட்டிவ்' துப்பாக்கியின் பெயர் இதிலிருந்தே பெறப்பட்டது. சிமித் அண்ட் வெசன் நிறுவனம் தனது .38 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' துப்பாக்கியில் 1915 முதல் சுத்தியல் தடுப்பைச் சேர்த்தது. 1926-இல் அதனை மாற்றியமைத்தது.

1944 விபத்து

இரண்டாம் உலகப் போரின்போது சிமித் அண்ட் வெசன் இத்துப்பாக்கியை 'விக்டரி' என்ற பெயரில் பேரளவில் தயாரித்து அமெரிக்கக் கடற்படைக்கும், பிரித்தானிய மற்றும் பொதுநலவாயப் படைகளுக்கும் வழங்கியது. இவற்றின் வரிசை எண்ணின் முன்னே 'வி' என்னும் ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும்.

1944-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் இத்துப்பாக்கி ஒன்று விழுந்து வெடித்ததில் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அத்துப்பாக்கியில் சுத்தியல் தடுப்பு இருந்தும் அது செயல்படவில்லை. அக்காலத் தடுப்பு, மெல்லிய வில்லின் விசையால் தனது இடத்துக்குத் திரும்பும் வகையில் அமைந்திருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசப்படும் கெட்டியான மசகு உள்ளே இறுகிவிட்டால், அந்த வில்லால் தடுப்பை நகர்த்த இயலாது. தடுப்பு விலகிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

நிறுவனத்தின் பொறியாளர்கள் விரைந்து புதிய தடுப்பை வடிவமைத்தனர். இது வில்லை நம்பவில்லை. விசையோடு சேர்ந்து நகரும் பின்னொதுக்குக் கட்டையில் ஓர் ஊசிமுளை வைத்து, அம்முளையே தடுப்பை மேலும் கீழும் நகர்த்துமாறு செய்யப்பட்டது. விசை தன் இடத்துக்குத் திரும்பினால் தடுப்பும் கட்டாயமாகத் திரும்பியாக வேண்டும். மாற்றம் பெற்ற துப்பாக்கிகளின் எண்களில் 'வி' எழுத்துடன் 'எஸ்' எழுத்தும் சேர்க்கப்பட்டது. இவ்வடிவமைப்பே போருக்குப் பின் வந்த அந்நிறுவனத்தின் சுழல் துப்பாக்கிகளிலும் தொடர்ந்தது.

பிரித்தானியாவின் என்பீல்டு

பிரித்தானியத் தரைப்படை 1932-இல் ஏற்றுக்கொண்ட 'என்பீல்டு எண் 2' துப்பாக்கியின் வரலாறு, பாதுகாப்பு உறுப்பை நீக்கிய முடிவு ஒன்றைக் காட்டுகிறது. 1938-இல் வந்த இரண்டாவது வடிவத்தில் சுத்தியலின் கொம்பு நீக்கப்பட்டது. பீரங்கி வண்டிகளின் குறுகிய உள்ளிடத்தில் கொம்பு சிக்கிக்கொள்வதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். 1942-இல் போர்க்கால உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக வந்த மூன்றாவது வடிவத்தில் சுத்தியல் தடுப்பே விடப்பட்டது. ஓர் உறுப்பும் சில எந்திர வேலைகளும் மிச்சமாயின; ஆனால் விழுந்தால் வெடிக்கக்கூடிய துப்பாக்கி உருவாயிற்று. போர் முடிந்த பின்னர் இவ்வகைத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை திரும்பப் பெறப்பட்டு, தடுப்பு பொருத்தப்பட்டு இரண்டாவது வடிவத்துக்கே மாற்றப்பட்டன. இதனால் மாற்றப்படாத மூன்றாவது வடிவத் துப்பாக்கிகள் இன்று அரிதானவை.

ருகர் துப்பாக்கிகளும் 1973 மாற்றமும்

அமெரிக்காவின் ஸ்டர்ம், ருகர் நிறுவனம் 1953-இல் 'சிங்கிள் சிக்ஸ்', 1955-இல் 'பிளாக்ஆக்' ஆகிய ஒற்றைச் செயல் துப்பாக்கிகளை வெளியிட்டது. மேற்கத்தியத் திரைப்படங்களாலும் தொலைக்காட்சித் தொடர்களாலும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்குப் புதிய வரவேற்பு ஏற்பட்டிருந்த காலம் அது. இவற்றின் உள்ளமைப்பும் பழைய கோல்ட் முறையையே தழுவியிருந்தது. எனவே வெற்று அறை விடும் வழக்கம் இவற்றுக்கும் கட்டாயமாயிற்று. ஆனால் வாங்கியவர்கள் அனைவரும் அதனை அறிந்திருக்கவில்லை; அறிந்தவர்களும் எப்போதும் பின்பற்றவில்லை. விழுந்து வெடித்ததால் காயமுற்றோர் தொடுத்த வழக்குகள் நீதிமன்றங்களுக்கு வந்தன. பயனாளரின் கவனக்குறைவு ஒருபுறம் இருக்க, குறையைத் தவிர்க்கும் வடிவமைப்பு கிடைக்கும்போது அதனைப் பயன்படுத்தாதது உற்பத்தியாளரின் பொறுப்பா என்பது இவ்வழக்குகளில் எழுந்த முக்கியக் கேள்வியாகும்.

1973-இல் அந்நிறுவனம் தனது ஒற்றைச் செயல் துப்பாக்கிகளைக் கடத்துப் பட்டையுடன் மாற்றியமைத்து 'நியூ மாடல்' என்ற பெயரில் வெளியிட்டது. இவற்றில் அரை ஏற்ற நிலை இல்லை. தோட்டா நிரப்பும் கதவைத் திறந்தாலே உருளை சுழலும். ஆறு அறைகளையும் நிரப்பி வைக்கவும் இயலும். 1982 முதல் பழைய துப்பாக்கிகளுக்கும் கட்டணமின்றிக் கடத்துப் பட்டை பொருத்தித் தரும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. கழற்றப்பட்ட பழைய உறுப்புகள் உரிமையாளரிடமே திருப்பித் தரப்பட்டன. மாற்றம் செய்யாத துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதால், பழைய அமைப்புடனேயே எஞ்சியுள்ளவையும் பல. சட்டகத்தின் பக்கவாட்டில் மூன்று திருகுகள் இருப்பது பழைய வகையின் அடையாளம். புதிய வகையில் திருகுகளுக்குப் பதிலாக இரண்டு முளைகள் இருக்கும். ஆனால் திருகுகளின் எண்ணிக்கை துப்பாக்கியின் வயதை மட்டுமே காட்டும். கடத்துப் பட்டை பின்னர் பொருத்தப்பட்டதா என்பதை அது காட்டாது.

கோல்ட் நிறுவனமும் 1969-இல் வெளியிட்ட 'மார்க் 3' வரிசை இரட்டைச் செயல் துப்பாக்கிகளில் கடத்துப் பட்டைக்கு மாறியது.

இரு அமைப்புகளின் ஒப்பீடு

சுத்தியல் தடுப்பும் கடத்துப் பட்டையும் சீராக இயங்கும்போது ஒரே அளவு பாதுகாப்பைத் தருகின்றன. பழுதாகும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

- சுத்தியல் தடுப்பு உடைந்தாலோ, பழுதுபார்ப்பவர் அதனைத் திரும்பப் பொருத்த மறந்தாலோ துப்பாக்கி வழக்கம்போலவே சுடும். பாதுகாப்பு இல்லை என்பது விபத்து நேரும்வரை எவருக்கும் தெரியாது.
- கடத்துப் பட்டை உடைந்தாலோ, விடுபட்டாலோ துப்பாக்கி சுடாது. எனவே பழுது உடனே தெரிந்துவிடும்.

பொறியியலில் முதலாவதை ஆபத்தின் பக்கம் பழுதாகும் அமைப்பு என்றும், இரண்டாவதைப் பாதுகாப்பின் பக்கம் பழுதாகும் அமைப்பு என்றும் கொள்ளலாம். மறுபுறம், தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் காவலருக்குச் சுடாமற் போவதும் ஆபத்தே. எனவே இரு அமைப்புகளும் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளன.

சோதனைகளும் விதிகளும்

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒட்டி, இறக்குமதியாகும் சுழல் துப்பாக்கிகளுக்குச் சோதனை வகுக்கப்பட்டது. துப்பாக்கியின் எடைக்குச் சமமான எடை ஒன்றை 36 அங்குல உயரத்திலிருந்து சுத்தியலின் கொம்பின் பின்புறத்தில் ஐந்து முறை விழச்செய்ய வேண்டும். பாதுகாப்பு அமைப்பு இதனைத் தாங்க வேண்டும். பழைய கோல்ட் முறையை ஒத்த ஐரோப்பிய நகல்களில், உருளையின் அச்சுத்தண்டைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தியலைத் தடுக்கும் ஏற்பாடு போன்றவை இவ்விதியை நிறைவு செய்யச் சேர்க்கப்பட்டன. இவை தாமாக இயங்குவதில்லை. பயனாளர் கையால் அமைக்க வேண்டும்.

கலிபோர்னியா மாநிலத்தில் 1999-இல் இயற்றப்பட்டு 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், துப்பாக்கியையே விழச்செய்யும் சோதனையைக் கட்டாயமாக்கியது. எரியூட்டி மட்டும் கொண்ட வெற்றுத் தோட்டாவை இட்டு, 1 மீட்டர் 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கற்காரைத் தளத்தில் ஆறு வெவ்வேறு நிலைகளில் துப்பாக்கி விழச்செய்யப்படுகிறது. வெளித்தெரியும் சுத்தியல் தரையில் படும் நிலையும் அவற்றுள் ஒன்று. எரியூட்டி வெடித்தால் அவ்வகை தேர்ச்சி பெறாது.

இந்தியாவில்

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் வெப்லி, என்பீல்டு வகைச் சுழல் துப்பாக்கிகள் இந்தியப் படைகளிலும் காவல் துறையிலும் பயன்பட்டன. கான்பூர் படைக்கலத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டுப் பொதுமக்களுக்கு உரிமத்தின் பேரில் விற்கப்படும் .32 அளவுச் சுழல் துப்பாக்கியும் வெப்லி வடிவமைப்பின் வழிவந்ததே. 2014-இல் பெண்களை முன்னிறுத்தி அறிமுகப்படுத்தப்பட்ட, சுமார் 500 கிராம் எடையுள்ள 'நிர்பீக்' துப்பாக்கியும் அங்குதான் உருவானது. இந்தியாவில் சுடுகலன் வைத்திருப்பதும் பழுதுபார்ப்பதும் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்கீழ் உரிமத்துக்கு உட்பட்டவை. எனவே பழைய துப்பாக்கியின் உள்ளுறுப்புகளை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் மட்டுமே கையாள வேண்டும்.

பரவலான தவறான கருத்துகள்

- அரை ஏற்றம் பாதுகாப்பானது. பழைய கோல்ட் வகைகளில் அரை ஏற்றம் தோட்டா நிரப்புவதற்கான நிலையே. எடுத்துச் செல்வதற்கான நிலையன்று.
- துப்பாக்கி விழுந்து வெடிப்பது திரைப்படக் கற்பனை. நல்ல நிலையில் உள்ள தற்காலச் சுழல் துப்பாக்கிகளில் இது மிக அரிது. அடியூசி சுத்தியலில் பொருந்திய பழைய ஒற்றைச் செயல் வகைகளில் இது உண்மையான ஆபத்து.
- ஒரு முறை விழுந்து வெடிக்கவில்லை எனில் அத்துப்பாக்கி பாதுகாப்பானது. அடி எந்த உறுப்பில் பட்டது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். முதல் அடியில் விரிசல் கண்ட வெட்டு, அடுத்த அடியில் உடையலாம்.
- விழும் துப்பாக்கியைத் தாவிப் பிடிக்க வேண்டும். பிடிக்க முயலும்போது விரல் விசையில் பட்டுத் துப்பாக்கி வெடித்துவிடலாம். சுடுபயிற்சியாளர்கள் அதனை விழவிடுமாறே கற்பிக்கின்றனர்.

பழைய துப்பாக்கிகளைக் கையாளுதல்

மரபுரிமையாக வந்த பழைய சுழல் துப்பாக்கி எவ்வகை அமைப்புடையது என்பது தெரியாதவரை, அது விழுகைப் பாதுகாப்பு அற்றது என்றே கொள்ள வேண்டும். சுத்தியலின் முகத்தில் அடியூசி நீட்டிக்கொண்டிருப்பது எச்சரிக்கைக்கு உரிய அடையாளமாகும். ஆயினும் அடியூசி சுத்தியலில் இருந்தாலே ஆபத்து என்று முடிவு செய்ய இயலாது. சிமித் அண்ட் வெசன் வகைகள் பலவற்றில் அடியூசி சுத்தியலில் இருந்தும் தனித் தடுப்பு உண்டு. உறுதி செய்ய வேண்டியது தடுப்போ பட்டையோ உள்ளதா, அது இயங்குகிறதா என்பதையே. இறுகிய மசகு, துரு, தேய்ந்த வெட்டு, விடுபட்ட உறுப்பு ஆகியவற்றை வெளியிலிருந்து காண முடியாது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைத் தட்டிப் பார்த்தோ, விழச்செய்தோ சோதிப்பது எந்நிலையிலும் கூடாது. தோட்டாக்களை நீக்கித் தனியே பூட்டி வைப்பதே எவ்வகைத் துப்பாக்கிக்கும் பொருந்தும் பாதுகாப்பாகும்.

இவற்றையும் பார்க்க

- சுழல் துப்பாக்கி
- சாமுவேல் கோல்ட்
- தோட்டா
- வயட் எர்ப்
- என்பீல்டு எண் 2 சுழல் துப்பாக்கி